பேர் சொல்லக் கூடாத இலை

நாட்டு மருந்துக் கடைக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: விளக்கு வைத்த பிறகு வாசலில் எந்தச் சத்தம் கேட்டாலும் அது முடிவில் ஒரு வாடிக்கைக்காரராகத்தான் இருக்கும். கடையில் உட்கார்ந்த முதல் வாரத்தில் எனக்கு அந்த ஞானம் கிடையாது. அதனால் ஒரு நாள் நன்றாக இருட்டிய பின் வாசலில், “ஹ்ர்ர்ர்… ஊ… ஊஊம்…” என்று ஒரு சத்தம் கேட்டதும், பாப்பாவை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு, கான்வென்டில் கற்ற இங்கிலீஷ் ஜெபத்தையும் “முருகா, முருகா” என்பதையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். எது முதலில் கேட்கிறதோ கேட்கட்டும்.

சண்டை வந்து மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கிற காலம். என் வீட்டுக்காரர் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் வேலைக்குப் போய்விட்டார். அப்போது பாப்பாவுக்கு இரண்டு மாதம். பள்ளிபாளையத்தில், காவிரிக்கரையில், எங்கள் கடைக்குப் பின்னாலேயே வீடு. இரண்டுக்கும் வாசல் ஒன்று. போகிற அன்று அவர் சொன்னது இவ்வளவுதான்: “கடையைத் திற. குழந்தையைப் பார். ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னா கடையை மூடிடு.” நானோ சேலத்தில் பிறந்து, ஆறாம் பாரம் வரை கான்வென்டில் படித்து, பல்லியைக் கண்டாலே நாற்காலி மேல் ஏறுகிறவள். கைக்குழந்தையோடு கடையில் உட்கார்ந்த யாராவது இதைப் படித்தால், நான் ஏன் இதைப் பாப்பா தூங்கிய பிறகு எழுதுகிறேன் என்று கேட்க மாட்டார்கள்.

எங்கள் கடையில் அதிகம் போவது ஒரே இலை. வேலியோரம் யாரும் விதைக்காமல் இடுப்பு உயரம் வளர்வது. இலை தடிப்பாக, பூனைக்குட்டியின் காது மாதிரி மெத்தென்று இருக்கும். வாயில் வைத்தால் மட்டும் ஏழு தலைமுறைக்குக் கசக்கும். குழந்தைக்குப் பல் முளைக்கிற காய்ச்சல், மாந்தம், பெரியவர்களுக்குச் சளி, முட்டிவலி, எல்லாவற்றுக்கும் அதுதான். பேர், பேய்மிரட்டி.

மிரட்டிக் காட்டியவர்

அந்த ஊளைச் சத்தம் மூன்றாம் முறை வந்தபோது, “யாரது?” என்று கேட்டேன். கேட்டது எனக்கே கேட்கவில்லை. நல்லவேளை, பாப்பா அழுதது; அந்த அழுகைக்கு வெளியிலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது. “நாந்தானுங்க அம்மிணி, வண்டிக்காரச் செங்கோடன். ஊட்டுல கொழந்தைக்குக் காச்சலுங்க. எலை வேணுமுங்க.” கதவைத் திறந்தால், தோளில் துண்டும் கையில் லாந்தருமாக, ஊளையிட்ட குற்றம் துளியும் முகத்தில் இல்லாமல் ஒரு மனிதர் நிற்கிறார்.

இலையைக் கட்டிக் கொடுத்துவிட்டு, எதற்காக அப்படிச் சத்தம் போட்டீர்கள் என்று கேட்டேன். இந்தப் பக்கத்தில், பால் குடிக்கிற குழந்தை இருக்கும் வீட்டு வாசலில், விளக்கு வைத்த பிறகு பேய் என்ற சொல்லை வாயால் சொல்ல மாட்டார்களாம். சொன்னால் அது கூப்பிட்டதாகிவிடுமாம். தெரிந்த கடையென்றால் “அந்த எலை” என்றால் போதும். நான் ஊருக்குப் புதிது. எந்த இலை என்று விழிப்பேனே என்று அந்த நல்ல மனிதர் யோசித்திருக்கிறார். அவர் சொன்னது அப்படியே:

“பேரச் சொல்லக் கூடாதுங்களே அம்மிணி, அதான் மெரட்டிக் காட்டுனேனுங்க.”

ஒரே குடும்பம்

படித்தவள் கடைக்கு வந்தால் கடை சும்மா இருக்குமா? கான்வென்டில் சிஸ்டர் ஒருவர் எங்களுக்குச் செடிகொடிகளைப் பற்றிப் பாடம் எடுத்தார். தண்டை விரலால் உருட்டிப் பார்த்துச் சதுரமாக இருந்து, பூவுக்கு இரண்டு உதடும் இருந்தால் அது பெரும்பாலும் புதினாவின் குடும்பம் என்பார். ஒரு நாள் பேய்மிரட்டித் தண்டை உருட்டிப் பார்த்தேன். சதுரம்! பூவைப் பார்த்தேன். இரண்டு உதடு! அன்றைக்குக் கடைக்கு வந்த முதல் ஆள், பக்கத்துத் தறிக்கார வீட்டுப் பாவாயி. அவளிடம் சந்தோஷம் தாங்காமல், “தெரியுமா பாவாயி? இதுவும் புதினாவும் ஒரே குடும்பம்” என்று சொல்லிவிட்டேன்.

சொன்னது என் தப்பு. பாவாயி அன்று தன் நங்கைக்கு விருந்து வைக்கிறாள். நங்கை என்றால் இங்கே புருஷனின் அக்காள். புதினா கிடைக்காவிட்டால் என்ன, அதன் குடும்பத்திலிருந்து ஒரு கட்டைத்தான் என்னிடமே வாங்கிப் போயிருக்கிறாளே! தேங்காய், புளி, மிளகாய் வைத்து அம்மியில் துவையலாக மைய அரைத்து, வாழையிலையில் முதல் இடத்தில் வைத்திருக்கிறாள். நங்கை ஒரு வாய் போட்டுவிட்டு, தன்னை வீட்டைவிட்டுத் துரத்தத்தான் இந்த ஏற்பாடு என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் பாவாயி வந்தாள். நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். குடும்பம் என்றால் குணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்று சிஸ்டர் பாணியில் விளக்கவும் ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“எனக்குத் தெரியாதுங்களா? எங்க நங்கைகூடத்தான் எங்க குடும்பம். அதுக்காக அவங்களத் தொவையலா அரைச்சிர முடியுதுங்களா?”

பட்டணத்துப் பெயர்

குண்டு விழும் என்று பயந்து பட்டணத்திலிருந்து ஏகப்பட்ட பேர் ஈரோட்டுக்கும் சேலத்துக்கும் வந்திருந்தார்கள். அவர்களில் ஓர் அம்மாள் அக்கரையிலிருந்து பரிசலில் வந்து இறங்கி, கிரைப் வாட்டர் இருக்கிறதா என்று இங்கிலீஷில் கேட்டார். ஆறு மாதத்தில் நான் கேட்ட முதல் இங்கிலீஷ்! அந்த மகிழ்ச்சியில், கிரைப் வாட்டர் இல்லை, ஆனால் ஓர் இலை இருக்கிறது, வேகவைத்த தண்ணீரில் குழந்தையைக் குளிப்பாட்டலாம் என்று நானும் இங்கிலீஷிலேயே பொரிந்து தள்ளினேன். “பேர் என்ன?” என்றார். பட்டப்பகல்தான், பேரைச் சொல்லலாம். சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. “பேயா? நாங்கள் அதையெல்லாம் நம்புவதில்லை” என்றார். உடனே, சிஸ்டர் கொடுத்த பழைய புத்தகத்தில் பிறகு தேடி மனப்பாடம் செய்த லத்தீன் பேரை எடுத்துவிட்டேன்: அனிசோமெலிஸ். “அப்படிச் சொல்லுங்கள்!” என்று இரண்டு கட்டு வாங்கிக்கொண்டு போனார். கசப்பு ஒன்றுதான், பேர் மாறினால் வியாபாரம் மாறுகிறது. கடைக்காரர்களே, குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் அவர் வேலைக்காரி வந்தாள். வழியெல்லாம் மறக்காமல் இருக்க வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள் போல. கடை வாசலில் மூச்சு வாங்க நின்று ஒப்பித்தாள்:

“எங்கம்மா ரெண்டு கட்டு அண்ணி சோமலிங்கம் வாங்கியாரச் சொன்னாங்கோ. அண்ணி இல்லாங்காட்டியும் பரவால்லியாம், சோமலிங்கம் கண்டிப்பா வோணுமாம்.”

மச்சானுக்கு ஒரு திரி

இந்த இலைக்கு இன்னொரு வேலையும் உண்டு. பச்சை இலையைச் சுருட்டி எண்ணெயில் நனைத்து ஏற்றினால் பஞ்சுத் திரி போல நின்று எரியும். அந்தப் புகை பட்ட இடத்தில் வேண்டாதது எதுவும் தங்காது என்று ஊரில் பேச்சு. ஒரு பண்ணையக்காரர் வந்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, “வேண்டாதது எதுவும் தங்காதுங்களா? நெசமா?” என்று மெதுவாகக் கேட்டார். எனக்குப் பாவமாகிவிட்டது. வீட்டில் எந்த அறையில் தொந்தரவு என்று கேட்டேன். “ஆசாரத்து ஓரம், வந்தவங்க படுக்கற எடத்துலீங்க” என்றார். ஆசாரம் என்றால் இங்கே வீட்டுக் கூடம். இலையை நன்றாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்து, எப்படிச் சுருட்டுவது என்றும் காட்டினேன்.

நாலு நாள் கழித்துத் தொங்கிய முகத்தோடு வந்தார். பேய் போகவில்லையா என்று கேட்டதற்கு, பேயின்னு யாருங்க சொன்னது என்று என்னையே திருப்பிக் கேட்டார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் மனைவியின் அண்ணன், மூன்று நாள் இருக்க வந்தவர், மூன்று வாரமாக இருக்கிறார்.

“பொகைக்குக் கொசுவெல்லாம் போயிருச்சுங்க அம்மிணி. ‘மாப்ள, இப்படித் தூங்கி எத்தன வருசமாச்சு, இன்னும் ஒரு மாசம் இருந்துட்டுப் போறேன்’கறாரு மச்சான்.”

குப்பாயி கேட்டது

இதுவரை சிரித்தவர்கள் கொஞ்சம் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். வெளியில் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த இலையை நான் கட்டிக் கொடுத்த ஒவ்வொரு தடவையும், வாங்கிப் போனவர் மறுபடி வந்து “கொழந்தை நல்லாருக்குதுங்க” என்று சொல்லும் வரை எனக்குச் சோறு இறங்கினதில்லை. செங்கோடன் குழந்தைக்கு இரண்டு நாள். பட்டணத்து அம்மாளின் குழந்தைக்கு ஒரு வாரம் முழுசாக. அண்ணி சோமலிங்கம் என்ற பேரைக் கேட்டபோது நான் சிரித்ததில் பாதி, அந்தக் குழந்தை உயிரோடு இருக்கிறது என்ற நிம்மதி.

அப்படிப்பட்ட நான் கடையில் உட்கார்ந்த எட்டாம் மாதத்தில் பாப்பாவுக்கே காய்ச்சல் வந்தது. முதல் நாள் சிணுங்கல். இரண்டாம் நாள் பால் குடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் விட்டுப்போன தெர்மாமீட்டரைக் கால் மணிக்கு ஒரு தரம் வைத்துப் பார்த்தேன். நூற்றிரண்டைத் தொட்டுவிட்டு இறங்க மாட்டேன் என்றது. குழந்தை கைக்குள் அடுப்புக் கல் மாதிரி சுட்டது. மூன்றாம் நாள் காலையில் குப்பாயி வந்தாள். ரயில் பாதையோரத்து வேலிகளில் இலை பறித்துக் கூடையில் கொண்டுவருகிறவள் அவள்தான். என் அக்காள் வயது. நாலு பிள்ளை பெற்றவள். நாக்கும் அந்த இலை மாதிரிதான்.

கூடையை இறக்கியவள் என் முகத்தைப் பார்த்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து, பாப்பாவின் ஈறைத் தடவினாள். “பல்லு முட்டுது சாமி” என்றாள் பாப்பாவிடம். என்னிடம், “எலை போட்டுக் குளிப்பாட்டுனீங்களா?” என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். “ஏனுங்க?” பயமாக இருக்கிறது என்றேன். “ஊருல பாதிக் கொழந்தைக்கு நீங்கதான குடுத்தீங்க?” அப்போதும் பயந்துகொண்டுதான் கொடுத்தேன் என்று சொல்ல வந்தேன், அழுகைதான் வந்தது. அவள் என்னைத் தேற்றவில்லை. கூடையிலிருந்து நல்ல இலையாக ஒரு கட்டு எடுத்துத் தனியாக வைத்தாள்.

“கடைக்காரங்க ஊட்டுக் கொழந்தைக்கு மட்டும் வேற கடையில வாங்கோணுமுங்களா?”

டாக்டர் சொன்ன விலாசம்

வேறு கடைக்குத்தான் போனேன். பாப்பாவைத் துண்டில் சுற்றிக்கொண்டு, பரிசலில் அக்கரைக்குப் போய், ஈரோட்டில் இங்கிலீஷ் மருந்து டாக்டர் ஒருவரைப் பார்த்தேன். ஆற்றில் பரிசல் சுற்றின ஒவ்வொரு சுற்றுக்கும், இதைவிடக் கடையை மூடியிருக்கலாம், கடையை மூடியிருக்கலாம் என்றே மனசு சொல்லிக்கொண்டு வந்தது. டாக்டர் குழாய் வைத்துப் பார்த்தார். காதைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், ஈறைப் பார்த்தார். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, பல் முளைக்கிற தொந்தரவுதான், பால் கொடுத்துக்கொண்டே இருங்கள், நாளை மறுநாளும் காய்ச்சல் நின்றபடியே நின்றால் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றார். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். என் முகத்தைப் பார்த்து அவருக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். ஒரு மருந்து எழுதுவார் என்று காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்:

“பயப்படாதீங்கம்மா. எங்க வீட்டுல பையனுக்கு இப்படி வந்தப்போ என் சம்சாரம் ஏதோ எலை போட்டு வெந்நீர் ஊத்துனா, ஒரு கெடுதலும் இல்லே. அக்கரையில பள்ளிபாளையத்துல ஒரு மருந்துக்கடை இருக்குதாம். அந்தம்மா படிச்சவங்க, ரொம்பத் தைரியமானவங்களாம். அவங்களைப் போய்க் கேளுங்க.”

அரிசி மணி

திரும்பி வரும்போது அந்தத் தைரியமான அம்மாளை நினைத்து எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அழுகை. பரிசல்காரர் இரண்டையும் பார்த்துவிட்டுத் துடுப்பை வேகமாகப் போட்டார். கடை வாசலில் குப்பாயி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். அந்தக் கடைக்காரியைக் கேட்கச் சொன்னார் என்றேன். “கேட்டீங்களா?” என்றாள். கேட்டாயிற்று, சரி என்கிறாள் என்றேன்.

பாவாயியும் ஓடிவந்து அடுப்பு மூட்டினாள். இலை கொதித்து வீடெல்லாம் அந்தக் கசப்பு வாசனை. முழங்கையில் ஊற்றிச் சூடு பார்த்துப் பார்த்து நானேதான் குளிப்பாட்டினேன். வேறு யார் கையிலும் கொடுக்க மனம் வரவில்லை. ஒரு துளி உதட்டில் தெறித்தது. பாப்பா தன் வாழ்நாளில் அவ்வளவு கோணலாக முகத்தை வைத்துக்கொண்டதில்லை. நாங்கள் மூவரும் சிரித்துவிட்டோம். அது எங்களைப் பார்த்த பார்வையில் நங்கையின் கோபம் அப்படியே இருந்தது என்று பாவாயி சொன்னாள்.

ஆனால் அன்று ராத்திரியும் நான் தூங்கவில்லை. காய்ச்சல் வந்த நாளிலிருந்து கதவைத் தாழ்ப்பாள் போடாமல் சாத்தி மட்டும் வைத்திருந்தேன். திருடனுக்குப் பயமில்லை என்பதால் அல்ல. பாப்பாவுக்கு ஏதாவது ஆகி நான் கத்தினால், தெருவில் யாராவது ஓடிவந்து உள்ளே நுழைய வேண்டுமே. அந்த நேரத்தில் எழுந்துபோய்த் திறக்க என் கால் வராது என்று எனக்குத் தெரியும். குப்பாயிக்கும் அது தெரிந்திருக்கிறது. கேட்காமலே தன் வீட்டுப் பிள்ளைகளைப் புருஷனிடம் விட்டுவிட்டு வந்து, வாசற்படிக்கு உள்ளே முந்தானையை விரித்துப் படுத்துக்கொண்டாள்.

விடியக்காலையில் பாப்பாவுக்கு நெற்றி வேர்த்தது. தெர்மாமீட்டரை மூன்று முறை உதறி மூன்று முறை வைத்துப் பார்த்தேன். நூற்றுக்குக் கீழே. அன்று பகல் முழுக்கத் தூக்கமும் பாலும். சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டு, வெள்ளிச் சங்கில் பாலை ஊற்றி வாயில் வைத்தேன். ‘டிங்’ என்றது. மறுபடி வைத்தேன். ‘டிங்.’ விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தால், கீழ் ஈறில், பாதி அரிசி மணி அளவுக்கு வெள்ளையாக ஒன்று. குப்பாயி எட்டிப் பார்த்தாள், “இத்துனூண்டுக்கு இத்தன ரகளையா சாமி?” என்று பாப்பாவின் தாடையைத் தட்டினாள். பிறகு தன் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, படி இறங்கி, திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

“நான் ஊட்டுக்குப் போயிட்டு வாரேன், தாழ்ப்பாளப் போட்டுட்டுத் தூங்குங்க அம்மிணி. ராத்திரி எலை வேணுமுன்னா தட்டறதுக்கு ஊருல எங்களுக்கெல்லாம் கையில்லீங்களா?”

விற்கிறவள் தன் சரக்கை நம்புவதற்கு எட்டு மாதமும், ஓர் இங்கிலீஷ் டாக்டரும், பாதி அரிசி மணியும் தேவைப்பட்டதை வாடிக்கைக்காரர்கள் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். குப்பாயி போனதும் எழுந்துபோய் உள்ளிருந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டேன்.